அத்தியாயம் 7: தொலைவிலிருந்து கேட்பவருக்குப் பதில்

கோவில்பட்டி வட்டாரத்தில் நூலகத்தின் உதவி யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர்களில் பலர் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வர முடியாதவர்கள். தீப்பெட்டி ஆபிஸுக்குப் போகும் பெண்கள் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறார்கள். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் விதைப்பை விட்டுவிட்டு யாரும் டவுனுக்கு வரமாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு போன் இருக்கிறது. கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்வியை நூலகத்திடம் கேட்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

வாசகர் கேட்கும் கேள்விக்கு நூலகர் நூல்களில் தேடி விடை சொல்லும் பணியை ரெபரன்ஸ் சேவை என்கிறோம். இதற்கு நம் மண்ணில் ஆழமான வேர் உண்டு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்தின் மற்ற வேலைகள் எல்லாமே இந்த ஒரு வேலைக்காகத்தான் என்று கருதியவர். இதற்கென்றே 1940இல் தனி நூல் எழுதினார். நூலகங்களுக்கென்று அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நூலகத்துக்கு வந்தால்தான் பதில் என்று சொல்லும் நூலகம் அந்த விதியை மீறுகிறது என்பதே என் கருத்து.

மின்வழியில் கேள்வி வாங்கும் முறை புதிதல்ல. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நூலகம் 1984லேயே மின்னஞ்சல் வழியாகக் கேள்விகளைப் பெறத் தொடங்கியது. நமக்குப் பாடம் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, கணினியை இறக்குவதற்கு முன்பாக ஊர் மக்களுக்கு எந்தத் தகவல் தேவை என்று விசாரித்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது மறுநாள் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் போனில் எச்சரித்ததும், நல்லவாடு கிராமத்தில் மக்களை வெளியேற்ற உதவியது அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கிதான். வீராம்பட்டினத்துக்கு வேண்டிய கடல் செய்தி எங்கோ ஒரு இணையதளத்தில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, மொழி மாற்றி, கேட்பவரின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஊரில் ஆள் இருந்தார்கள். நீங்கள் செய்யப்போவதும் இந்த வேலைதான்.

எண்ணும் நேரமும்

நூலகரின் சொந்தப் போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். நூலகத்தின் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். வாசகர் வட்டத்தைக் கேட்டால் ஒரு பழைய ஸ்மார்ட்போனும் கிடைத்துவிடும். நூலகர் மாறுதலாகிப் போனாலும் எண் ஊரோடு இருக்க வேண்டும். பெண் நூலகருக்கு வேளைகெட்ட வேளையில் அழைப்பும் வரக்கூடாது. இந்த இரண்டு காரணங்களும் போதும்.

அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். கட்டணம் இல்லை. நூலகம் மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதிலை அதில் எழுதி வைக்கலாம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைக்கலாம். ‘விவசாயம்’, ‘தேர்வு’, ‘பாக்கி’ என்று உரையாடல்களுக்கு அடையாளச் சீட்டும் ஒட்டலாம். நூலகக் கணினியோடு இணைத்துவிட்டால் நீளமான பதில்களை விசைப்பலகையில் அடிக்கலாம். மின்னஞ்சல் முகவரி ஒன்றும் வேண்டும். ஆராய்ச்சியாளர்களும் வெளிநாட்டுத் தமிழர்களும் அதில்தான் எழுதுவார்கள். வீடியோ அழைப்பு, தனிச் செயலி போன்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

குரல் செய்தியை இரண்டாந்தரமாக நினைக்கக்கூடாது. எழுதத் தயங்குகிறவர் பேசத் தயங்கமாட்டார். குரலில் கேட்டவருக்குக் குரலிலேயே பதில் சொல்லுங்கள். நூலின் பெயர், தொலைபேசி எண், கடைசி நாள் ஆகியவற்றை மட்டும் கீழே எழுத்தில் அனுப்புங்கள். பிள்ளையிடம் காட்டி வாசித்துக்கொள்வார்.

கேள்வி வந்த அன்றே ‘உங்கள் கேள்வி கிடைத்தது, நாளை மாலைக்குள் சொல்கிறோம்’ என்று ஒரு வரி போக வேண்டும். சொன்ன நேரத்தில் விடை கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையாவது சொல்ல வேண்டும். பதிலே வராத எண்ணுக்கு யாரும் இரண்டாம் முறை கேள்வி அனுப்பமாட்டார்கள்.

கேட்டது ஒன்று, வேண்டியது ஒன்று

இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். மேசைக்கு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு என்ன வேண்டும் என்று பாதி கண்டுபிடித்துவிடுவோம். போனில் முகம் இல்லை. ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி ஒரு குரல் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “சார், மக்காச்சோளத்துல புழு விழுந்துருச்சு. என்ன மருந்து அடிக்கணும்னு புஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க.” அலமாரியில் மக்காச்சோளச் சாகுபடி நூல் இருக்கிறது. எடுத்து, தண்டுத்துளைப்பானுக்கு எழுதியிருக்கும் மருந்தைப் படித்துச் சொல்லிவிடலாம். அது பெரும் கேடாக முடியலாம். ஏனென்றால், இன்று மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2018இல், கர்நாடகத்தில். அதற்கு முன்பு அச்சான எந்த நூலிலும் இந்தியப் பயிரின் பூச்சியாக அது இருக்காது. நூல் பொய் சொல்லவில்லை. அதன் பதிப்பாண்டு பழையது.

நூலகர் திருப்பிக் கேட்க வேண்டியது: “அண்ணாச்சி, விதைச்சு எத்தனை நாளாச்சு? புழு குருத்துல இருக்கா, கதிர்ல இருக்கா? புழுவோட தலையும் வாலும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?” படைப்புழு என்றால் தலையில் தலைகீழான ஒய் போன்ற கோடு தெரியும், வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் படமும் பரிந்துரையும் உள்ளன. படத்தை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவை நீங்களாகச் சொல்லாதீர்கள். பரிந்துரைப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டு, உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுங்கள். 2004 ஜனவரியில் தொடங்கிய அந்த மையம் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலும் பதில் சொல்கிறது. தீராவிட்டால் கோவில்பட்டியிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1901இல் தொடங்கிய நிலையம் அது. மானாவாரிக் கரிசல் நிலத்துக்கென்றே இயங்குவது. அங்கே செடியோடு போகச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. தீப்பெட்டி ஆபிஸில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் இரவு எட்டு மணிக்கு எழுதுகிறார்: ‘பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் பாரம் எங்க கிடைக்கும்?’ பாரம் கிடைக்குமிடத்தை உடனே தேடக்கூடாது. எந்த உதவித்தொகை என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். “அக்கா, பிள்ளை இப்ப என்ன படிக்குது? ஆறாம் வகுப்புலருந்து எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சது?” என்ற இரண்டு கேள்விகள் பாதையைத் திறந்துவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண் என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், பாரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தாய் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்பது அடுத்த கேள்வி. பதிவு இருந்தால் அந்த வாரியத்தின் கல்வி உதவி தனி.

மாணவர்கள் ‘கட்டபொம்மன் பத்தி வேணும்’ என்று மொட்டையாகக் கேட்பார்கள். எத்தனையாம் வகுப்பு, தமிழிலா ஆங்கிலத்திலா, எந்த நாளுக்குள் என்று மட்டும் கேட்டால் போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட செய்தியும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் படமும் போதுமானவை. கல்லூரி மாணவருக்கு கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றைக் காட்ட வேண்டும்.

‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். விசாரணை போல ஒலிக்கும். ‘இன்னும் கொஞ்சம் விவரம் சொன்னால் சரியானதைத் தேடித் தரலாம்’ என்று கேளுங்கள். ஒரு தடவையில் இரண்டு மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

பதிலை எப்படி அனுப்புவது

முதலில் விடை, சுருக்கமாக. அதன் கீழ் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது: நூல், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்கம், இணையமானால் நிறுவனத்தின் பெயரும் பார்த்த தேதியும். நூலகம் சொல்லும் பதிலுக்கும் டீக்கடையில் கிடைக்கும் பதிலுக்கும் வேறுபாடு இந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது. இதை எழுத நேரமில்லை என்றால் பதிலையே ஒரு நாள் தள்ளி அனுப்புங்கள்.

மூலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு எப்போது கிடைத்தது என்று போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் கேட்டால், 2020 ஏப்ரல் என்று செய்தித்தாள்கள் சொல்லும். ஆனால் புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் இதழும் பதிவேடும் இணையத்தில் திறந்திருக்கின்றன. விண்ணப்பித்தவர் யார், எந்தெந்த ஊர்கள் அதில் அடங்கும் என்பதெல்லாம் அங்கேதான் முழுமையாகக் கிடைக்கும். அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால், கேட்டவர் அடுத்த முறை தானே தேடக் கற்றுக்கொள்வார்.

நூலின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்போது தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கக்கூடும். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் தெளிவு குறையாது. பழைய கோப்புகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை பெறுபவரின் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள்.

எங்கே தேடுவது

உங்கள் அலமாரி சிறியது என்பதால் சேவை சிறியதாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்களைச் சொல் சொல்லாகத் தேடலாம். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். பாடநூல்கள் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளம்.

திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி 1917இல் பேட் எழுதிய ஆங்கில விவரச்சுவடியும், 1881இல் வந்த கால்டுவெல் நூலும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986 அக்டோபரில். அதற்கு முந்தைய நம் ஊர்ச் செய்திகள் எல்லாம் திருநெல்வேலியின் கீழ்தான் கிடக்கும். ஆங்கிலத்தில் தேடினால் கோவில்பட்டியை ‘வி’ எழுத்தோடும் அது இல்லாமலும், நெல்லையைத் ‘தின்னவேலி’ என்ற பழைய எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள். ‘இல்லை’ என்று சொல்லப்படும் தகவல்களில் பல இந்த எழுத்துக்கூட்டலில் மறைந்திருப்பவை.

உங்களால் முடியாதபோது பெரிய நூலகத்தைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். தூத்துக்குடி மாவட்ட மைய நூலகம் முதல் படி. 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் கன்னிமாரா நூலகம் ஆகியவை அடுத்தவை. பழைய இதழ்களுக்கும் அச்சு நூல்களுக்கும் 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். எழுதும்போது ‘இதைப் பற்றித் தகவல் தேவை’ என்று நிறுத்திவிடாமல், எங்கெங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, எது மட்டும் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். அப்படி எழுதிய கடிதத்துக்குப் பதில் விரைவாக வரும்.

வெளியூரார் நம்மைக் கேட்கும்போது

தகவல் சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு மட்டும் ஓடுவதல்ல. இடைசெவல் என்ற ஒரே ஊரிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். பூமணி, சோ. தர்மன், கோணங்கி, தேவதச்சன் என்று இந்த வட்டாரம் தந்த எழுத்தாளர்களைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கரிசல் மண்ணின் ஒரு சொல், ஒரு விதைப்புக் கருவி, ஒரு குலதெய்வத் திருவிழா பற்றி டொரொன்டோவிலோ கோலாலம்பூரிலோ ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்கத் தகுந்த நூலகம் நம்முடையதுதான். கன்னிமாராவில் நூல் இருக்கும். அந்த நூலில் வரும் கருவியைக் கையில் பிடித்த சம்சாரி இங்கேதான் இருக்கிறார்.

ஆகவே ஒரு தனி அலமாரியை வட்டாரத்துக்கென்று ஒதுக்குங்கள். 1982இல் வெளிவந்த கி.ரா.வின் வட்டார வழக்குச் சொல்லகராதி அதில் முதல் நூலாக இருக்கட்டும். கல்லூரி ஆய்வேடுகள், கழுகுமலை பற்றிய சிறு நூல்கள், எட்டயபுரத்துப் பாரதி விழா மலர்கள், பள்ளிகளின் பொன்விழா மலர்கள், திருவிழா அழைப்பிதழ்கள், தீப்பெட்டி லேபிள்கள் என எதையும் சேருங்கள். இவற்றைப் பெரிய நூலகங்கள் சேர்ப்பதில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டால் பிறகு கிடைப்பதுமில்லை. நேரில் கேட்டறிய வேண்டிய கேள்வி வந்தால் வாசகர் வட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பதில் வாங்குங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் பெயரைக் குறிப்பிடுங்கள்.

இங்கே பதிப்புரிமை வருகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்கு உரிமை உண்டு. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த ஆராய்ச்சிக்காக நியாயமான அளவு பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. அகராதியின் ஒரு பக்கத்தை ஆய்வாளருக்கு அனுப்பலாம். விற்பனையிலுள்ள நாவல் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பக் கேட்டால், நூல் கிடைக்கும் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள். கரிசல் எழுத்தாளரின் நூலைக் கரிசல் நூலகமே திருட்டுப் பிரதியாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

எல்லைகள்

நோய், வழக்கு இரண்டிலும் நூலகர் தகவல் தரலாம், யோசனை சொல்லக்கூடாது. உடல்நலக் கேள்விக்கு 104, சட்ட உதவிக்கு 15100 என்ற எண்களைக் கையெட்டும் இடத்தில் எழுதி வைத்திருங்கள். கேட்டவரின் பெயரும் எண்ணும் வெளியே போகக்கூடாது. எந்த வாட்ஸ்அப் குழுவிலும் அவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். ‘இன்று வந்த சுவையான கேள்வி’ என்று படமெடுத்துப் பகிராதீர்கள். குடும்ப வன்முறை பற்றிக் கேட்ட பெண்ணின் உரையாடலைப் பதில் போனதும் அழித்துவிடுங்கள். அவர் போனிலும் அழிக்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைத் தேடலுக்குத் தொடக்கமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவை இல்லாத நூலுக்குப் பெயரும் பக்கமும் தயங்காமல் சொல்லும். வட்டாரச் செய்திகளில் இந்தத் தவறு கூடுதல். மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் அவற்றின் விடையை நூலகத்தின் பெயரில் அனுப்பக்கூடாது.

கேள்வி ஏடு

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கேள்வி, விடை, எடுத்த இடம், ஆன நேரம். பெயர் வேண்டாம். ஆறு மாதம் போனால் ஊரின் தேவை உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்ற கேள்வி குவியும். மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கை. தேர்வாணைய அறிவிப்பு வந்தால் பழைய வினாத்தாள். அந்தந்தப் பருவத்துக்கு முன்பே பதிலைத் தயாரித்து, கடைசி நாட்களை மட்டும் அவ்வப்போது சரிபார்த்து வைத்திருக்கலாம். அடுத்த ஆண்டு எந்த நூலை வாங்கச் சொல்வது என்பதற்கும் இந்த ஏடே சான்று. நூலக ஆணைக்குழுவிடம் கூடுதல் வசதி கேட்கும்போது இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முதல் மாதம் கேள்விகள் சொற்பமாகத்தான் வரும். சேவை இருப்பது தெரிய வேண்டிய இடம் நூலகச் சுவர் அல்ல. தீப்பெட்டி ஆபிஸ் வாசல், ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, மினிபஸ் நிற்கும் இடம் ஆகியவற்றில் உரிய அனுமதி பெற்று, பெரிய எழுத்தில் எண்ணை எழுதி ஒட்டுங்கள். ‘எழுத வேண்டாம், பேசியும் கேட்கலாம், கட்டணம் இல்லை’ என்ற வரியை அதில் கட்டாயம் சேருங்கள். அடுத்த புரட்டாசி விதைப்புக்கு முன் உங்கள் நூலகத்தின் எண் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.